காலி என்றாள் ஜெபராணி

“நாப்பது நாளாச்சு மேடம். இன்னும் துப்பாக்கி துடைக்கிற துணியைக்கூட என் கையில குடுக்கலியே?”

ஏட்டு இசக்கியப்பன் கேட்டேவிட்டார். கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

ஆயுத அறைக்குப் பொறுப்பு எஸ்.ஐ. ஜெபராணி. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவள் சிரித்துப் பார்த்தவர் அந்தப் போலீஸ் முகாமில் யாரும் இல்லை.

“சுட்ட துப்பாக்கி. சைலன்சர் இன்னும் சூடா இருக்கு. ஆறட்டும்,” என்றாள்.

கேட்ட கேள்விக்கு இதுவா பதில்?

பத்தொன்பது வருஷம் குறி தப்பாத மனிதர். ஆறு மாதத்துக்கு முன், துடைக்கும் மேஜையில் அவர் கையிலிருந்த துப்பாக்கி வெடித்தது. குண்டு சுவரைத் துளைத்து, அடுத்த அறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த சமையல்காரரின் தலைக்கு ஒரு சாண் மேலே போனது.

“காலின்னு சொல்லித்தான் இன்ஸ்பெக்டர் ஐயா குடுத்தாரு.”

இதைச் சொல்லிச் சொல்லி அவர் தொண்டை வறண்டதுதான் மிச்சம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாளைக்குள் ஜெபராணி கையெழுத்துப் போட்டால் மறுபடியும் குறிபார்க்கும் அணி. இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை கேட் டியூட்டி.

அவளோ நாற்பது நாளும் ஒரே வேலைதான் கொடுத்தாள். துப்பாக்கியைச் சுத்தம் செய்து, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைத் திறந்து வைத்து நீட்டுவாள். “காலி,” என்பாள். அவர் இரண்டு கையாலும் பிரசாதம் போல வாங்குவார். போல்ட்டை மூடி, குழலை மணல் பெட்டிக்குள் காட்டி, விசையை அழுத்துவார். ‘டிக்’ என்று கேட்கும். தாங்கியில் வைப்பார். அவ்வளவுதான்.

துப்பாக்கி ஆறியது. ஜெபராணி கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டாள். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றினாள். போல்ட்டைத் திறந்தாள். தோட்டா உட்காரும் அறைக்குள் பார்த்தாள். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினாள்.

“நீங்களே சுட்டுட்டு, பார்த்து வச்சதுதானே மேடம்?”

“அது காலையில.”

சைலன்சரைத் திருகிக் கழற்றினாள். அப்போது கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத அறை. பகல் பதினொரு மணிக்குக் கும்மிருட்டு.

“டார்ச் எடுக்கட்டுமா?”

“வேணாம். அசையாம நில்லுங்க.”

இருட்டில் கம்பி உரசும் சத்தம் வந்தது. துணி இழுபடும் சத்தம். எண்ணெய் வாசனை.

“கம்பியைப் பின்னாலேருந்துதான் தள்ளணும். சைலன்சர் மாட்டியிருந்தா அழுக்கெல்லாம் அதுக்குள்ள போயிடும்,” என்றது அவள் குரல்.

கையுறை இரும்பில் உரசும் சத்தம்.

“சைலன்சர் திருகுற மரையில ஒரு மணல் இருக்கு.”

ஒரே ஒரு மணல்! அதுவும் இருட்டில், கையுறைக்கு மேலே! இசக்கியப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

திருகும் சத்தம். மெல்லிய கம்பி ஒன்று குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும் சத்தம்.

“சைலன்சர் நேராத்தான் உக்காந்திருக்கு. கோணியிருந்தா குண்டு சைலன்சரையே கிழிச்சிரும்.”

விளக்கு வந்தபோது வேலை முடிந்திருந்தது. மேஜையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. இசக்கியப்பனுக்குக் கண் கலங்கியது.

“உங்க கையில கண்ணு இருக்கு மேடம்.”

ஜெபராணி முதுகைக் காட்டித் திரும்பி அலமாரியில் எதையோ தேடினாள். பிறகு துப்பாக்கியை நீட்டினாள்.

“காலி.”

இரண்டு கையும் தாமாக நீண்டன. வாங்கினார். போல்ட்டை மூடப் போனவர் நின்றுவிட்டார்.

இருட்டில் ஒரு மணலைக் கண்டுபிடிக்கிற கை. அந்தக் கையே, தான் வைத்த துப்பாக்கியை விரல் விட்டுப் பார்த்ததே!

அவள் கண் முன்னால் நாம் பார்ப்பதா? முகத்தில் அடிப்பது மாதிரி ஆகிவிடாதா? கையெழுத்துக் கைவிட்டுப் போனதென்றே நினைத்தார்.

“மேடம், மன்னிச்சிருங்க,” என்று சொல்லிவிட்டுச் சுண்டுவிரலை உள்ளே விட்டார்.

விரல் போகவில்லை. உள்ளே எதையோ முட்டியது.

குழலை நிமிர்த்தித் தட்டினார். கரி பூசிக் கறுப்பாக்கிய ஒரு தோட்டா உள்ளங்கையில் விழுந்தது. பக்கவாட்டில் ஓட்டை போட்டு மருந்தை எடுத்த, பயிற்சிக்கான வெற்றுத் தோட்டா.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னைக்கு வச்சதா மேடம்?”

ஜெபராணி பேனா மூடியைத் திறந்தாள்.

“தினமும்தான் வச்சேன் ஏட்டையா.”