உயிரோடிருப்பவருக்கு ஒரு சிலுவை

ஜெர்மனியில் ஒரு சிறிய பல்கலைக்கழக ஊர். அந்தக் காலத்தில் மாணவர்கள் ஆளுக்கொரு நட்பேடு வைத்திருப்பார்கள். பிரபுக்கள், அறிஞர்கள், நண்பர்கள் என்று எல்லோரிடமும் அதை நீட்டி, நாலு வரியும் கையெழுத்தும் வாங்குவார்கள். எழுதியவர் இறந்துபோனால் பெயரருகே சின்னதாக ஒரு சிலுவை போடுவது வழக்கம்.

மாணவன் யோவாகிம் தன் ஏட்டைப் பேராசிரியர் ஆல்பிரெக்டிடம் கொடுத்தான். மறுநாள் அந்தப் பகுதியை ஆளும் கோமகனின் செயலாளரை அவன் பார்க்கவேண்டும். அரண்மனை நூலகத்தில் ஒரு வேலை கேட்டுத்தான். யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று புரட்டிப் பார்த்துத்தான் செயலாளர் ஆளை எடைபோடுவார்.

ஆல்பிரெக்ட் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினார். டாக்டர் க்ரெல்லின் பக்கம். கோமகனை எதிர்த்து எழுதியதற்காகப் போன வருடம் நாடு கடத்தப்பட்டவர். பெயரருகே புது மையில் ஒரு சிலுவை.

“க்ரெல் எப்போது இறந்தார்?”

“இறக்கவில்லை, ஐயா. பாசல் நகரில் இருக்கிறார்.”

“பிறகு இது?”

“கிழிக்க மனம் வரவில்லை. செத்தவரைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், அதனால்தான்.”

ஒரு மனிதரைக் கொல்ல அவ்வளவு மை போதுமாயிருந்தது.

“உனக்குக் கிரேக்கம் கற்றுக்கொடுத்தது யார்?”

“அவர்தான்.” யோவாகிமுக்கு அவமானமாக இருந்தது. “நான் காய்ச்சலில் கிடந்தபோது பதினோரு நாள் கூடவே இருந்தவரும் அவர்தான்.”

ஆல்பிரெக்ட் இறகுப் பேனாவை எடுத்தார்.

“ஐயா, உங்களுக்கென்று நல்ல பக்கமாக விட்டுவைத்திருக்கிறேன்.”

“இங்கேயே இடம் இருக்கிறது.”

க்ரெல்லின் பெயருக்குக் கீழே எழுதினார்: ‘இவர் உயிரோடு இருக்கிறார். என் நண்பர்.’ தன் முழுப் பெயர், பதவி, ஊர், தேதி ஒன்றையும் விடவில்லை.

யோவாகிம் குனிந்து அந்த வரிகளைப் படித்தான்.

“செயலாளர் பார்த்தால் எனக்கு வேலை கிடைக்காது. உங்கள் பதவியும் போய்விடும்.”

“போகட்டும்.”

“நான் வேறு என்னதான் செய்வது, ஐயா?”

ஆல்பிரெக்ட் ஏட்டை மூடாமல் அவன் பக்கம் தள்ளினார். பேனாவை அதன்மேல் வைத்தார்.

“உன் ஏடு, உன் இஷ்டம். இந்தப் பக்கத்தில் இப்போது இரண்டு பேர் உயிரோடு இருக்கிறோம். பயமாயிருந்தால் எனக்கும் ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போ. நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.”