ராசா, மந்திரி என்ற ஆப்பிள் மரங்கள்

“நம்ம மண்ணுக்கு எந்த ஆப்பிள் தாயி வரும்?” என்று கேட்டார் அணஞ்சபெருமாள்.

ராக்கினி நிமிரவில்லை. தொட்டிக்கு மண் அள்ளிக்கொண்டிருந்தாள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் அவளுடைய நர்சரி. செடி வாங்க வருகிறவர்களுக்குச் செடியோடு ஏச்சும் கிடைக்கும். அப்படியும் ஆட்கள் வந்தார்கள். சிலர் ஏச்சுக்காகவே வந்தார்கள்.

அவளுக்கு நாற்பது வயது. அவருக்கு அறுபத்திரண்டு. இருவரில் யார் குரு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

“ஒங்களுக்கு எது வேணும் அண்ணாச்சி?”

“ராயல் டெலிஷியஸ்.”

“அதுக்கு வருசத்துல ஆயிரம் மணி நேரம் குளிர் வேணும். ஒங்க வீட்ல இருக்கா?”

“ஃப்ரிட்ஜ் இருக்கு.”

“அப்ப மரத்தைத் தூக்கி அதுக்குள்ள வைங்க.”

அவர் சிரிக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்.

“எனக்கில்ல தாயி, வீட்டுக்காரிக்கு. அவ இமாச்சலத்துக்காரி. கின்னௌர். நான் அங்க ராணுவ லாரி ஓட்டும்போது கெட்டிக்கிட்டு வந்தேன். அவ அப்பாவுக்கு ஆப்பிள் தோட்டம். இப்ப அண்ணன்மாரு அதை வித்துட்டாங்க. மலை ஏறக் கூடாதுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. இனிமே அவ அவளோட ஊரைப் பாக்கப் போறதில்ல. மரத்துலேருந்து ஒரே ஒரு ஆப்பிளை அவ கையால பறிக்கணும். அது போதும்.”

ராக்கினி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

“அவங்க பேரு என்ன?”

“பேச்சியம்மா.”

“கின்னௌர்ல பேச்சியம்மாவா?”

“அது எங்கம்மா வச்சது. அவ பேரு எங்கம்மா வாயில நுழையல. எங்க சாமி பேரை வச்சுட்டா.”

ராக்கினி உள்ளே போய் இரண்டு ஒட்டுச்செடிகளைத் தூக்கிவந்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் பெயர் கீறிய தகரத் துண்டு தொங்கியது.

“இது அன்னா. இது டார்செட் கோல்டன். ரெண்டுக்கும் கொஞ்சம் குளிர் போதும். ஆனா ஒண்ணை மட்டும் வச்சா காய் சரியாப் பிடிக்காது. இதோட மகரந்தம் அதுக்கு வேணும். இங்க பனி விழாது, அதனால மார்கழியில இலையை நீங்கதான் கையால உருவி விடணும். அப்பத்தான் மரம் தூங்கி முழிச்சுப் பூக்கும்.”

“ருசி அவ ஊரு ஆப்பிள் மாதிரி இருக்குமா?”

“இருக்காது. இந்த ஊரு ஆப்பிள் மாதிரி இருக்கும்.”

அவர் செடிகளை சைக்கிளில் கட்டினார்.

“பேரைத் தொலைச்சிராதீய,” என்றாள் ராக்கினி.

மூன்றாம் வருடம், மாசி மாதம், மூச்சு வாங்க வந்து நின்றார்.

“பூத்துட்டு தாயி! கொப்பு பூராப் பூ! ஆனா ஒரு மரந்தான் நிக்கி. ஐப்பசிப் புயல்ல உப்புக்காத்து அடிச்சு மத்தது கருகிப் போச்சு.”

“எது போச்சு?”

“மந்திரி.”

“யாரு?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“அந்த இங்கிலீஷ் பேரு வாயில நுழையல. ஒண்ணை ராசான்னேன், ஒண்ணை மந்திரின்னேன். தகரம் பட்டையை அறுக்குதேன்னு அதையும் அவுத்துப் போட்டுட்டேன்.”

“மந்திரிங்கற ரகம் எங்கிட்ட இல்லையே அண்ணாச்சி.”

பிறகு அவள் தன் தோட்டத்தைக் காட்டினாள். அங்கே இரண்டு ரகமும் பூத்து நின்றன.

“எது போச்சோ அதுல ஒரு பூங்கொப்பு வெட்டித் தாரேன். தண்ணி பாட்டில்ல போட்டு ஒங்க மரத்துல தொங்க விடுங்க. மிச்சத்தைத் தேனீ பாத்துக்கிடும். பூ உதிர நாலஞ்சு நாள்தான் இருக்கு. பேரைச் சொல்லுங்க.”

“தெரியலையே. ரெண்டுலயும் ஒவ்வொண்ணு குடுத்திரேன்.”

“குடுக்கலாம். குடுக்க மாட்டேன். கேட்டுட்டு வாங்க.”

“யார்ட்ட தாயி கேக்க?”

ராக்கினி அவர் பக்கம் திரும்பினாள்.

“மலையில இருந்தப்ப ஒங்க பேரை யாரு சொன்னா?”

“எம்பேரா? ஒருத்தனும் சொல்லல. மதராசிம்பான். அணஞ்சபெருமாள்னு வடக்க எவன் வாயில நுழையும்? அவ ஒருத்திதான்...”

அவர் நிறுத்தினார்.

“நுழைஞ்சுதா?”

“மூணு நாள் சொல்லிச் சொல்லிப் பாத்தா. நாலாம் நாள் முழுசாச் சொல்லிட்டா. இங்க வந்த பெறவுதான், புருசன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொன்னா. அன்னைக்கோட விட்டுட்டா.”

“அப்ப அவங்ககிட்டயே போய்க் கேளுங்க.”

வீட்டில் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தாள். உள்ளே இரண்டு தகரத் துண்டுகள்.

“நிக்கிறது அன்னா. போனது டார்செட் கோல்டன்,” என்றாள். நாக்கு எங்கும் தடுக்கவில்லை.

“இதை எதுக்கு எடுத்து வச்சே?”

“அதுக்குன்னு ஒரு பேரு இருக்குல்லா.”

குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவர் அம்மாவின் படுக்கைக்கு ஆறு வருடம் கஞ்சி கொண்டுபோன கை அது. அவர் பேசும் மொழியில் கனவு காணப் பழகியவள் அவள். முப்பத்தாறு வருடத்தில் இதற்கெல்லாம் அவர் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. நன்றி நெஞ்சு முட்ட வந்தபோது எந்தப் பெயரைச் சொல்லி அதைத் தொடங்குவது என்று தெரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனார்.

“பேரு?” என்றாள் ராக்கினி.

“டார்சட்டு...”

“இன்னொரு தடவை.”

“டாசெட் கோல்டு...”

“இன்னொரு தடவை.”

“டார்செட் கோல்டன்.”

பூங்கொப்பை வெட்டிப் பாட்டிலில் வைத்தாள்.

“டோல்மா,” என்றார் அவர் திடீரென்று. கின்னௌரில் மனைவிக்கு வைத்த பெயர் அது.

“அதை எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய?” என்று பாட்டிலை நீட்டினாள் ராக்கினி.

பாட்டில் மரத்தில் தொங்கியது. தேனீ வந்தது. அவருக்குத்தான் வாய் வரவில்லை. சைக்கிளில் போகும்போது சொல்லிப் பார்த்தார். மரத்தடியில் நின்று மரத்திடம் சொல்லிப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தால் வெட்கம் வந்துவிடும். அறுபத்தைந்து வயதில் அரும்பிய வெட்கத்துக்கு மருந்து கிடையாது.

ஒன்பது பிஞ்சு பிடித்து நான்கு உதிர்ந்தது. ஐந்து நின்றது. வைகாசிக் கடைசியில் ஒன்று சிவந்தது.

அவள் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“டோல்மா,” என்றார்.

அவள் திரும்பவில்லை. அந்தப் பெயரில் இந்த ஊரில் யாரும் இல்லை.

“டோல்மா, இங்க வா. பழுத்துட்டு. ஒங்கையால பறி.”

அவள் கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அதைக் கொடியில் போட்டுவிட்டு, மெல்ல நடந்து மரத்தடிக்கு வந்தாள். கையை உயர்த்தினாள். லேசாகத் திருகினாள். பழம் கையோடு வந்தது.

அதை அவள் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

“இன்னொரு தடவை சொல்லு, அணஞ்சபெருமாள்,” என்றாள்.