பெற்றவர் கேட்கட்டும்

பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி கனி ராவுத்தரின் வீம்பு ஊரறிந்தது. தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளை, "அவ எனக்கு மகளே இல்ல" என்று பள்ளிவாசலில் வைத்தே தலைமுழுகியவர் அவர். அந்த மகள் மர்ஜானா புருஷனைப் பறிகொடுத்து, நோயோடு ஊர் திரும்பி, ஒரு வாடகை வீட்டில் மவுத்தானாள். அடக்கத்துக்கு முந்தைய ஜனாஸா தொழுகைக்கு ஆம்பளை ஒருத்தரும் போகக்கூடாது என்றார் ராவுத்தர். ஒருத்தரும் போகவில்லை.

மய்யித்தைக் குளிப்பாட்டிய பல்கீஸ், தெருப் பெண்களைத் திரட்டினாள். அவர்களோடு தோள் சேர்த்து, வரிசையின் நடுவில் நின்று, தானே தொழவைத்து, அடக்கமும் முடித்தாள்.

மறுநாள் ஊர்ப் பெரியவர்களின் ஜமாஅத் கூடியது.

"யாரைக் கேட்டுடி தொழவச்சே?" என்று உறுமினார் ராவுத்தர்.

பல்கீஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கேக்காதது தப்புதாங்க. பெத்த அத்தா இருந்தா அவர்கிட்ட அனுமதி கேட்டிருக்கணும். மய்யித்து வீட்டு வாசல்ல நின்னு, பெத்தவர் யாராச்சும் இருக்கீங்களான்னு கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் வரல. இப்ப என்னைக் கண்டிக்கிற உரிமையும் அவருக்குத்தான். நீங்க அவளுக்கு யாருங்க?"

"நான்தான்டி அவளைப் பெத்த அத்தா!"

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"அப்ப உங்க தொழுகை பாக்கி இருக்குங்க," என்றாள் பல்கீஸ். "கபுறுகிட்ட நின்னும் தொழலாம். மண்ணு இன்னும் காயல."

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"பெத்த அத்தான்னு இதையே முந்தாநாள் சொல்லியிருந்தீங்கன்னா, அவளே காதால கேட்டிருப்பா."