முப்பத்தெட்டாவது ஸ்பேனர்

அன்று ராக்கெட் கூடத்தில் இருந்தவர்கள் முதலாளி ரங்கபாஷ்யம், பொறியாளர்கள் நால்வர், நிருபர்கள் ஆறு பேர், கருவிக் கணக்கு எழுதும் இசக்கியம்மாள். மொத்தம் பன்னிரண்டு பேர்.

ராக்கெட்டுக்குள் வேலைக்குப் போன ஸ்பேனர் முப்பத்தெட்டு. திரும்பியது முப்பத்தேழு.

“உள்ளே ஒண்ணும் இல்ல. நாளைக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ராக்கெட் விடுறான், நாம இன்னைக்கே விட்டாகணும். நாட்டு மானம்! கணக்கை முடி, இல்லன்னா வீட்டுக்குப் போ,” என்றார் முதலாளி.

“முடிச்சிட்டேன் ஐயா. திரும்பாத சாமான் யார் கையில இருக்குன்னு எழுதணும், அதான் இங்க விதி. உள்ளே இல்லன்னு நீங்கதானே அடிச்சுச் சொல்றீங்க? உங்க பேரை எழுதிட்டேன்,” என்றாள் இசக்கியம்மாள்.

நிருபர்கள் கேமராவைத் திருப்பினார்கள். “எங்க சார், காட்டுங்க!”

முதலாளி வெறுங்கையைப் பிசைந்தார். பிறகு, “திறந்து பாருங்கய்யா,” என்றார்.

ஸ்பேனர் எரிபொருள் குழாயோரம் கிடந்தது.

வெளிநாட்டான் முந்திக்கொண்டான். எங்கள் ராக்கெட் ஒன்பது நாள் கழித்துப் பத்திரமாக மேலே போனது. உள்ளே மிச்சமிருந்த ஸ்பேனர் பூஜ்யம்.