நம்மது ஒண்ணு

சிரிக்க வைக்கிறேன், சத்தியமாக. ஆனால் இப்போது இல்லை. இப்போது சிரித்தால் அருளப்பன் அடித்துவிடுவார்.

“குருவே, நான் என்ன பாவம் செஞ்சேன்?” என்று கேட்டுக்கொண்டேதான் அவர் கணினி அறைக்குள் நுழைந்தார்.

குருவுக்கு வயது இருபத்தாறு. பெயர் மெஹருன். சிஷ்யருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. மருத்துவமனையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஆசைப்பட்டு நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ‘இன்று உங்கள் முறை’ என்று விடிகாலையில் குறுஞ்செய்தி போக, ‘அனுப்பு’ என்று ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தார். அவர் தூங்கும்போது அதை ஓட்டவேண்டியது க்ரான். கணினிக்குள்ளேயே உட்கார்ந்து, குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்கிற காவலாளி.

“நேத்தும் போகலை, இன்னைக்கும் போகலை. பாப்பாக்குடி இசக்கிமுத்து முறை தெரியாம வீட்டுலயே கிடந்திருக்காரு. மூச்சு வாங்கி, கால் வீங்கி... நாளைக்கும் போகலைன்னா?”

“கையால ஓட்டிப் பாத்தீங்களா, அண்ணாச்சி?”

“குதிரை மாதிரி ஓடுது!”

“க்ரான் என்ன சொல்லுது?”

அருளப்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டு க்ரானாகவே மாறினார். “‘அனுப்பு’வா? அப்படி ஒரு நிரல் எனக்குத் தெரியாதே!” மூக்கை விட்டார். “இந்தா, இதே கம்ப்யூட்டர்லதான் இருக்கு, குருவே! நான் ‘அனுப்பு’ன்னு ஒரு சொல் அடிச்சா அனுப்புது. அவனுக்கு மட்டும் தெரியாதாம். திமிரு!”

மெஹருன் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

“டீயா?”

“நம்ம கேண்டீன்ல இல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால புதுசா ஒரு கடை வந்திருக்கு. கேண்டீன்ல என்ன சொல்லுவீங்களோ, அங்கயும் அதையேதான் சொல்லணும். ஒரு வார்த்தை கூட்டக்கூடாது.”

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வருகிறது, வருகிறது. மனுஷர் முதலில் ரோட்டைக் கடக்கட்டும்.

கடந்தார். கேண்டீனில் வருஷக்கணக்காகச் சொல்வதைக் கணீரென்று சொன்னார்.

“நம்மது ஒண்ணு.”

டீ மாஸ்டர் நிமிர்ந்தார். “எது?”

“நம்மதுய்யா.”

“நம்மதுன்னா?”

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையை நீட்டினார். “அண்ணாச்சி பாகம் பிரிக்க வந்திருக்காரு போல. கொடுத்து அனுப்பும்வே.”

அருளப்பன் குரலை உயர்த்தினார். “நம்மது!”

மாஸ்டர் பயந்துபோய் ஒரு ஜாம் பன்னை நீட்டினார்.

“பன்னா? எனக்குச் சர்க்கரை வியாதிவே! எத்தனை வருஷமாக் குடிக்கேன், நம்மது தெரியாதா?”

“எங்க குடிச்சீரு?”

“எங்க கேண்டீன்ல!”

“நான் உம்மை இப்பத்தான்வே பாக்கேன்.”

“பாத்தா என்ன? சீனி இல்லாம, டிகாக்‌ஷன் தூக்கலா, அரை கிளாஸ் டீன்னு உனக்கு நான் ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டு...”

வாய் பாதியில் நின்றது. நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது.

“சொல்லவே இல்லையே,” என்றார் மெதுவாக. “நான் அடிக்கிற இடம் கேண்டீன், அவன் புதுக் கடை. ‘அனுப்பு’ கம்ப்யூட்டர்ல எங்க இருக்குன்னு அவன்கிட்ட நான் சொல்லவே இல்லையே!”

“எவன்கிட்ட?”

அருளப்பன் ஓடிக்கொண்டிருந்தார்.