முயல் வளையின் பச்சைத் திரை

குளத்தை ஒட்டிய ஒரு சரிவில், பாறைகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு வளைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் நெட்டைக்காதி என்ற முயல் குடியிருந்தது. பக்கத்து வளையில் ஊசியன் என்ற முள்ளம்பன்றி. இன்னும் சிலவற்றில் கீரி, உடும்பு; மற்றவை காலி.

ஒருநாள், மேலே இருந்த காட்டு விடுதிக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் உடைந்த பூந்தொட்டி ஒன்றைச் சரிவில் வீசிவிட்டுப் போனார்கள். அதில் ஒரு சிலந்திச் செடி இருந்தது. புல்லைப் போல நீண்ட இலைகள், நடுவே வெள்ளைக் கோடு. நெட்டைக்காதிக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது. கவ்வி இழுத்து வந்து, தன் வளைக்கு மேலே பாறை இடுக்கில் மண்ணைத் தள்ளி நட்டது.

காலையும் மாலையும் குளத்துப் பாசியை நனைத்துக் கொண்டுவந்து அதன் தலையில் பிழிந்தது. பத்தே நாளில் இலைகள் மஞ்சளாகிவிட்டன!

"ஐயோ, சாகப் போகிறதே!" என்று முயல் பதறியது.

கிழங்கு தோண்டித் தின்கிற ஊசியன் வந்து வேரை முகர்ந்து பார்த்தது.

"வேர் எவ்வளவு தடிமன், பார்! தண்ணீரைத் தனக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது. மண் காய்ந்த பிறகு ஊற்று, போதும்" என்றது.

முயல் அப்படியே செய்தது. செடி பிழைத்துத் தழைத்தது. நீளத் தண்டுகள் கீழே இறங்கின. வெள்ளைப் பூக்கள் பூத்தன. பிறகு தண்டுக்குத் தண்டு குட்டிக் கன்றுகள், நூலில் தொங்கும் சிலந்திகளைப் போல ஆடின. மழைக்காலம் முடிவதற்குள் வளை வாசலே தெரியாதபடி பச்சைத் திரை விழுந்துவிட்டது. வானத்தில் சுற்றும் வல்லூறுக்குக்கூட உள்ளே இருப்பது தெரியவில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் நெட்டைக்காதி நான்கு குட்டிகளை ஈன்றது.

"அக்கா, எனக்கு ஒரே ஒரு கன்று கொடேன்! என் வாசலும் மொட்டையாகக் கிடக்கிறது" என்று கேட்டது ஊசியன்.

"எல்லார் வாசலிலும் தொங்கினால் என் செடிக்கு என்ன மதிப்பு? தரமாட்டேன்!"

சொன்னதோடு நிற்கவில்லை. யாராவது பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, எட்டிப் பறிக்கிற உயரத்தில் தொங்கிய கன்றுகளை எல்லாம் பல்லால் நறுக்கிக் குளத்தில் வீசியது. ஊசியன் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு தன் வளைக்குத் திரும்பிவிட்டது.

சில நாள் கழித்து ஒரு காட்டுப்பூனை அந்தச் சரிவுக்கு வந்தது. எந்த வளையையும் அது முகர்ந்து பார்க்கவில்லை. நேரே பச்சைத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது.

"ஒளித்து வைக்க ஏதோ இருப்பதால்தானே திரை போட்டிருக்கிறாய்?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே காலை விட்டது.

நெட்டைக்காதி பின்னங்கால்களால் மண்ணை வாரி அதன் கண்ணில் அடித்தது. பூனை தும்மிக்கொண்டே பின்வாங்கியது.

"இருக்கட்டும்! உன் குட்டிகள் இப்போது வெறும் எலும்பு. இன்னும் இரண்டு மாதம் கொழுக்கட்டும், வருகிறேன். அடையாளம்தான் தொங்குகிறதே!"

முயல் திரையைப் பார்த்து யோசித்தது. செடியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா? எறிந்தால் வல்லூறு பார்த்துவிடும். எறியாவிட்டால் பூனை வந்துவிடும். குட்டிகளோ நான்கு! வெட்கத்தை விட்டு ஊசியனின் வாசலில் போய் நின்றது.

"தம்பி, நான் செய்தது தப்பு. சரிவு முழுக்க இந்தச் செடி தொங்கினால்தான் என் குட்டிகள் பிழைக்கும். கை கொடு."

"உனக்கு ஆபத்து என்றதும் தம்பி ஞாபகம் வந்துவிட்டதா?" என்றது ஊசியன். ஆனாலும் எழுந்து முன்னால் நடந்தது. "குளத்தங்கரைக்கு வா. நீ வீசியதில் முக்கால்வாசி செத்துப்போகவில்லை."

கரையோரச் சேற்றில் ஒதுங்கிய கன்றுகள் வெள்ளை வேர் விட்டு நிமிர்ந்து நின்றன! இரண்டும் அவற்றைப் பெயர்த்து வளைக்கு ஒன்றாக நட்டன. மீதி வளைகளுக்குத் தாய்ச்செடியின் தண்டுகளை இழுத்து, அறுக்காமலேயே கன்றுகளை மண்ணில் பதித்துக் கல் வைத்தன. வேர் பிடித்த பிறகே முயல் தண்டை நறுக்கியது. கீரி மண் சுமந்தது. உடும்பு ஒரு கன்றைக் கேட்டு வாங்கி, தன் வாசலில் நிழலான இடமாகப் பார்த்து நட்டுக்கொண்டது. ஆளில்லாத வளைகளையும் அவை விடவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பூனை வந்தது. சரிவெங்கும் பச்சைத் திரைகள்! மேலும் கீழும் நடந்தது. ஒன்றில் தலையை விட்டது, காலி. இன்னொன்றில் விட்டது, உடும்பின் வால் கன்னத்தில் அறைந்தது. கோபத்தோடு மூன்றாவதில் பாய்ந்தது. அது ஊசியனின் வீடு!

"ஐயோ, அம்மா!" மூக்கில் ஏழெட்டு முள்ளோடு பூனை ஓடிய ஓட்டம் மறுகரையில்தான் நின்றது. அதன்பிறகு அது அந்தப் பக்கமே வரவில்லை.

தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்ட பாதுகாப்பு தன்னையே காட்டிக்கொடுக்கும். அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொண்டால்தான் அது காப்பாற்றும்.