காட்டிலேயே ஒரே ஒரு சிவப்பு வண்டி

கொன்றைக்காட்டு ஏரி கோடையில் வற்றிவிடும். வற்றினால் கொக்குகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். மற்ற மிருகங்கள் எல்லாம் துள்ளிக் குதிக்கும். ஏன் தெரியுமா? தரை காய்ந்து இறுகியதும் அங்கே கார்ப் பந்தயம் தொடங்கிவிடும்!

இது ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும் பந்தயம் அல்ல. ஏரித் தரை முழுவதும் மூங்கில் கூடைகள் கவிழ்ந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். இருவாச்சிப் பறவை கொடியை அசைத்ததும், மரங்கொத்தி பட்ட மரத்தில் கொத்த ஆரம்பிக்கும். டொக், டொக், டொக்! கடைசிக் கூடையைத் தாண்டும்வரை எத்தனை கொத்து என்று பார்ப்பார்கள். குறைந்த கொத்தில் முடித்த வண்டிக்கு வெற்றி. கூடையில் இடித்தால் கணக்கில் ஐந்து கொத்து கூடிவிடும்.

மருக்கொழுந்து என்ற சருகுமானுக்கு இந்தப் பந்தயம் என்றால் உயிர். மான் என்றதும் கொம்பும் கம்பீரமுமாக நினைத்துவிடாதீர்கள். சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். ஆனால் மருக்கொழுந்தின் ஆசை யானை அளவு.

அந்த ஆசையால்தான் முதல் கோடையில் யானையிடமிருந்து ஒரு வண்டியை வாங்கியது. அது மலைமேல் ஏறுகிற கனத்த வண்டி. முதல் வளைவிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. இரண்டாம் கோடையில் குரங்கிடமிருந்து ஒன்றை வாங்கியது. குரங்கு சும்மா இருக்குமா? எஞ்சினில் பாதியைப் பிடுங்கி விளையாடி முடித்துவிட்டுத்தான் விற்றிருந்தது. கொடி அசைந்தது, மரங்கொத்தி கொத்தியது, வண்டி மட்டும் அசையவே இல்லை.

மூன்றாம் கோடை வந்தது. இருவாச்சி மருக்கொழுந்தைக் கூப்பிட்டுச் சொன்னது.

"ஏரி சின்னது கண்ணு. ஓட்டறதுக்குக் காத்திருக்கிறவங்க நிறைய. மூணு கோடையில ஒரு தடவைகூட கடைசிக் கூடையைத் தாண்டலைன்னா, அப்புறம் என்னைக்கும் கரையில உட்கார்ந்து வேடிக்கைதான்! இது எல்லாருக்கும் உள்ள விதி."

மருக்கொழுந்துக்கு அன்றிலிருந்து அதே நினைப்பாகிவிட்டது. வெற்றிகூட வேண்டாம். ஒரே ஒரு முறை அந்தக் கடைசிக் கூடையைத் தாண்டினால் போதும்!

சேர்த்து வைத்திருந்த விளாம்பழங்களை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அது உடும்பின் கொட்டகைக்குப் போனது. ஆலமரத்தடியில் பழைய வண்டிகள் விற்கிற கொட்டகை அது. உடும்புப்பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? உள்ளே போனவர் யாரும் வண்டி வாங்காமல் வெளியே வந்ததே இல்லை.

"வாங்க அம்மணி, வாங்க! உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன்!" என்றது உடும்பு.

மருக்கொழுந்து வாசலில் நின்ற வெள்ளை நிறச் சின்ன வண்டியைப் பார்த்தது. சாயம் மங்கியிருந்தது. ஆனால் சக்கரங்கள் நேராக இருந்தன.

"இது எப்படி இருக்கும்?" என்று கேட்டது.

"அட, அதையா பார்க்கறீங்க? கரடி ஓட்டறதும் அதே மாதிரிதான். காட்டுப்பன்றி குப்பண்ணன் ஓட்டறதும் அதே மாதிரிதான். கீரி, முள்ளம்பன்றி எல்லாருகிட்டயும் அதுதான். ஊரெல்லாம் ஓட்டற வண்டி உங்களுக்கு எதுக்குங்க?" என்று சொல்லிக்கொண்டே உடும்பு ஒரு தார்ப்பாயை இழுத்தது.

உள்ளே சிவப்பாக ஒரு வண்டி நின்றது. நீளமான மூக்கு. கண் கூசும் பளபளப்பு. சாவியைத் திருப்பியதும் ஆலமரத்திலிருந்து கிளிகள் எல்லாம் பறந்து போயின.

"கடல் தாண்டி வந்தது. காட்டிலேயே இது ஒண்ணுதான்!" என்றது உடும்பு.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஒண்ணுதான் அம்மணி! நீங்க இதுல போனீங்கன்னா, யாரு போறாங்கன்னு யாரும் கேட்கவே வேண்டியதில்ல!"

மருக்கொழுந்து வேறு எதுவும் கேட்கவில்லை. விளாம்பழ மூட்டையைக் கொடுத்துவிட்டது. அதன் கால்கள் எட்டுவதற்காக உடும்பு பிரேக்கிலும் கிளட்சிலும் ஆக்சிலேட்டரிலும் மரக்கட்டைகளைக் கட்டிக் கொடுத்தது.

வரும் வழியில் குப்பண்ணன் தன் வெள்ளை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தது. சேற்றால்தான்! காட்டுப்பன்றிக்குச் சேறு பூசினால்தான் சுத்தம்.

"குப்பண்ணா, இன்னும் இந்த டப்பாவைத்தான் உருட்டறீங்களா?" என்று மருக்கொழுந்து சிரித்தது.

"உருளுதே கண்ணு, அப்புறம் என்ன!" என்று குப்பண்ணனும் சிரித்தது.

பந்தய நாள் காலையில் மிருகங்கள் எல்லாம் பாதையை நடந்து பார்த்தன. எந்தக் கூடைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று மருக்கொழுந்தும் நடந்து நடந்து மனப்பாடம் செய்துகொண்டது. பிறகு ஒத்திகை ஓட்டத்துக்காகச் சிவப்பு வண்டியில் ஏறியது.

நீள மூக்குக்கு அப்பால் கூடைகளே தெரியவில்லை! ஆக்சிலேட்டரைத் தொட்டால் வண்டி பாய்ந்தது. திருப்புவதற்குள் கூடை பின்னால் போயிருந்தது. நான்காவது வளைவில் முன்சக்கரத்திலிருந்து 'கடகடகட' என்று சத்தம் வந்தது. பிறகு வண்டி நொண்டிக்கொண்டு நின்றுவிட்டது.

கரையில் இருந்த எல்லா மிருகங்களும் ஓடி வந்தன. கீரி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தது.

"பேரிங் போச்சு! வேற போட்டாத்தான் ஓடும்!"

"என்கிட்ட ஒண்ணு இருக்கு!" என்று கரடி ஓடிப்போய்க் கொண்டுவந்தது. சேரவில்லை.

"என்கிட்டயும் இருக்கு!" என்றது முள்ளம்பன்றி. அதுவும் சேரவில்லை.

ஒவ்வொன்றும் தன் பெட்டியைத் திறந்து தேடியது. எல்லோருடைய பேரிங்கும் ஒரே அளவு. சிவப்பு வண்டியின் பேரிங் மட்டும் வேறு அளவு. உதவ வந்தவர்கள் சுற்றி நின்று பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர்கள்தான் என்ன செய்வார்கள்? மனசு இருந்தது, பொருந்துகிற பேரிங் இல்லை!

காட்டிலேயே இது ஒன்றுதான்! நேற்று தேனாக இனித்த அந்தப் பேச்சு இன்று மருக்கொழுந்துக்கு வேப்பங்காயாகக் கசந்தது. அது சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து விசும்ப ஆரம்பித்தது. இனி என்றென்றைக்கும் கரையில்தான்.

அப்போது குப்பண்ணன் தொண்டையைக் கனைத்தது.

"ஏனுங்க இருவாச்சியம்மா! ஒரு வண்டியை ரெண்டு பேரு ஓட்டலாமுங்களா?"

"முறை மாறாம வந்தா ஓட்டலாம்!" என்றது இருவாச்சி.

"அப்ப என் வண்டியில மருக்கொழுந்தும் ஓட்டட்டும்!"

மருக்கொழுந்து தலையைக் குனிந்துகொண்டது. "அண்ணா, நான் அதை டப்பான்னு சொன்னேனே..."

"டப்பாவை டப்பான்னு சொல்லாம பின்ன தேருன்னா சொல்லுவே? எந்திரி கண்ணு!"

அந்த வண்டியின் இருக்கை குப்பண்ணனின் கனத்தில் குழிந்து போயிருந்தது. மருக்கொழுந்து அதில் உட்கார்ந்ததும் ஆளையே காணோம்! வைக்கோல் மூட்டைகளை அடியில் ஒன்றும் முதுகுக்கு ஒன்றும் வைத்துத் தூக்கிவிட்டார்கள். சிவப்பு வண்டியிலிருந்த மரக்கட்டைகளை அவிழ்த்து இதில் கட்டினார்கள். அத்தனை பெரிய சிவப்பு வண்டியிலிருந்து அன்று உதவியது அந்தக் கட்டைகள் மட்டும்தான்.

பந்தயம் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை ஓட்டலாம். கரடி அருமையாக ஓட்டியது. ஆனால் கருங்குரங்கு ஒரே ஒரு கொத்து குறைவாக ஓட்டி அதை முந்திவிட்டது.

"இரு, இரு! ரெண்டாவது ஓட்டத்துல காட்டறேன்!" என்று கரடி கையைத் தேய்த்துக்கொண்டது.

மற்றவர்களும் ஓட்டி முடித்தார்கள். கடைசியில் மருக்கொழுந்தின் முறை வந்தது. இருவாச்சி கொடியைத் தூக்கியது. மருக்கொழுந்து கிளட்சை மிதித்தது.

'படக்!'

கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது! அதே நேரம் மேற்கே இடி உருண்டது. மலைமேல் கருமேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"மழை விழுந்தா தரை சேறாயிரும். பந்தயம் அதோட முடிஞ்சுது!" என்றது இருவாச்சி. அதன் குரலிலும் வருத்தம் இருந்தது.

குப்பண்ணன் தன் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தது. நட்டு இருந்தது, போல்ட் இருந்தது, கேபிள் இல்லை. போன வாரம்தான் அதைக் கீரிக்குக் கொடுத்திருந்தது. கீரி அதைத் தன் வண்டியில் மாட்டி ஓட்டியதில் அதுவும் தேய்ந்து நூலாகிக் கிடந்தது. முள்ளம்பன்றியின் கேபிளும் அப்படித்தான்.

கரடி வானத்தைப் பார்த்தது. கருங்குரங்கைப் பார்த்தது. பிறகு மருக்கொழுந்தின் கலங்கிய கண்களைப் பார்த்தது. நேராகத் தன் வண்டியிடம் போய் மூடியைத் திறந்தது. போன மாதம்தான் புதிதாகப் போட்டிருந்த கேபிள். அதைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டியது.

"இந்தா! ரெண்டும் ஒரே வண்டிதான். கச்சிதமா சேரும்!"

"கரடியண்ணா! உங்க ரெண்டாவது ஓட்டம்? முதல் இடம்?" என்று மருக்கொழுந்து பதறியது.

"எனக்கு அடுத்த கோடை இருக்கு. உனக்கு இல்லையே! பேசிட்டு நிக்காத, மழை வருது!"

கீரி சட்டென்று வண்டிக்கு அடியில் நுழைந்தது. குப்பண்ணன் முன்பக்கத்தைத் தோள் கொடுத்துத் தூக்கிப் பிடித்தது. முள்ளம்பன்றியும் ஆர்வமாக ஓடி வந்தது.

"நீ டயர் பக்கம் வராதே!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

முள்ளம்பன்றி கோபித்துக்கொள்ளவில்லை. தூரத்தில் நின்றே ஸ்பானர்களை ஒவ்வொன்றாக எறிந்தது. அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டும் எங்கே இருக்கிறது என்று அங்கே எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அதனால் வேலை மளமளவென்று முடிந்தது.

கொடி அசைந்தது! டொக், டொக், டொக்!

சின்ன வண்டி கிளம்பியது. பாய்ச்சல் இல்லை, முழக்கம் இல்லை. ஆனால் திருப்பிய பக்கம் திரும்பியது, மிதித்த இடத்தில் நின்றது. குட்டி மூக்குக்கு முன்னால் எல்லாக் கூடைகளும் தெரிந்தன. காலையில் நடந்து பார்த்த பாதை கண்முன்னே விரிந்தது. இடம், வலம், இடம்! கரையிலிருந்து குப்பண்ணன், "பிரேக்கு! இப்ப விடு! அப்படித்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுந்தபோது மருக்கொழுந்து கடைசிக் கூடையைத் தாண்டிவிட்டது! ஒரு கூடையில்கூட இடிக்கவில்லை.

மரங்கொத்தி கணக்குச் சொன்னது. கருங்குரங்குக்கு முதல் இடம், கரடிக்கு இரண்டாம் இடம். மருக்கொழுந்துக்கு நடுவில் ஓரிடம். குப்பண்ணனைவிட இரண்டு கொத்து குறைவு!

"அடிப்பாவி! என் வண்டியில என்னையே ஜெயிச்சுட்டியே!" என்று குப்பண்ணன் விழுந்து விழுந்து சிரித்தது.

மருக்கொழுந்து நன்றி சொல்ல வாயைத் திறந்தது. அழுகைதான் வந்தது. கரடியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதது. கீரியின் கிரீஸ் படிந்த முகத்தைத் துடைத்துவிட்டு அழுதது. முள்ளம்பன்றியைக் கட்டிக்கொள்ளப் போய், கடைசி நேரத்தில் நினைவு வந்து, தூரத்திலிருந்தே கும்பிட்டது. மழை கொட்டியது. குப்பண்ணனின் வண்டியில் பூசியிருந்த சேறெல்லாம் கரைந்து போயிற்று. குப்பண்ணனுக்கு அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

மறுநாள் மருக்கொழுந்து உடும்பின் கொட்டகைக்குப் போனது.

"அந்த வெள்ளைச் சின்ன வண்டி இருக்குதுங்களா?"

உடும்பு கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தது. "அம்மணி, அது எல்லாருகிட்டயும் இருக்குதே!"

"அதனாலதான் கேட்கறேனுங்க!"

உடும்பும் முந்தின நாள் கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தது. அது மறுபேச்சுப் பேசாமல் சிவப்பு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெள்ளை வண்டியைக் கொடுத்தது. கூடவே ஒரு புதுக் கிளட்ச் கேபிளையும் சும்மாவே கொடுத்தது. உடும்புப்பிடி தளர்ந்தது அந்த ஒரு நாள்தான்! சிவப்பு வண்டியை அப்புறம் யாரும் வாங்கவில்லை. இப்போது அதில் ஒரு மைனாக் குடும்பம் வசதியாக வாழ்கிறது.

அடுத்த கோடை வந்தது. பந்தயம் சூடுபிடித்தது. முதல் இடத்துக்கான கடைசி ஓட்டத்துக்குக் கரடி வந்து நின்றது. கொடி எழுந்தது. 'படக்!'

"யாருகிட்டயாவது கேபிள் இருக்கா?" என்று கரடி கேட்டு முடிக்கவில்லை. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து ஒரு சின்ன உருவம் அம்பாகப் பறந்து வந்தது. ஓராண்டாகத் தன் வண்டியில் பத்திரமாக வைத்திருந்த புதுக் கேபிளை வாயில் கவ்வியபடி வந்து நின்றது மருக்கொழுந்து.

"இந்தாங்கண்ணா! ரெண்டும் ஒரே வண்டிதான். கச்சிதமா சேரும்!"

தன்னிடம் மட்டும் இருக்கிறது என்று பெருமைப்படும் பொருள் நம்மைத் தனியே நிறுத்திவிடும். பலரிடமும் இருக்கும் எளிய பொருளே ஆபத்தில் பலரையும் துணைக்கு அழைத்து வரும், அந்தத் துணையை மறவாமல் திருப்பிச் செய்வதே நன்றி.